மச்சாள் மருந்து போடவில்லை

மண்டூர்
12.10.2025

அன்பு மகன் ஜெயரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் இருக்கிறபடி இருக்கிறோம், நீ அங்கே வெயிலில் வாடாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கெடாமல் இருக்க மண்டூர்க் கந்தன் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

இவ்வளவும் அம்மா சொல்ல நான் எழுதியது அண்ணா. எழுதுவது தங்கச்சி யது. அடுத்த வரியைச் சொல்ல அம்மா மூன்று தரம் வாயெடுத்தார், மூன்று தரமும் மழையைப் பற்றியே சொன்னார். பிறகு, நீயே எழுது புள்ள, உனக்கு எல்லாம் தெரியும்தானே என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். முடிந்ததும் நான் வாசித்துக் காட்ட வேண்டுமாம், கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைப்பாராம். ஆகவே இதை அம்மாவின் கடிதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷமாகிறது, இவ்வளவு நீளமாக நான் ஒன்றும் எழுதியதில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது, அப்பா வயல் வட்டைக்குள்தான் கிடக்கிறார், மழை இந்த முறை சொன்ன நாளுக்கு வந்தது. சிவப்புப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. நல்ல செய்தி இவ்வளவும்தான்.

வட்ஸ்அப் இருக்கும்போது ஏன் கடதாசி என்று கேட்பீர்கள். நடந்ததெல்லாம் அந்த வட்ஸ்அப்பால்தானே. வைகாசியில் அம்மா உங்களுக்குப் போட்ட வொயிஸ் மூன்று நிமிஷம் வராது. நீங்கள் அதை அப்படியே விதுர்ஷா மச்சாளுக்கு அனுப்பி இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள், மச்சாள் என்ன செய்வதென்று தெரியாமல் தன் அக்காவுக்கு அனுப்பினார், அக்கா யாரிடமோ நியாயம் கேட்டு அனுப்பினார், ஒரு கிழமைக்குள் துறையில் வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்து நிற்கிறவர்களின் போனில் எல்லாம் அம்மாவின் குரல் கேட்டது. அதிலிருந்து அம்மா போனைக் கையில் எடுத்துப் பேசுவதில்லை. எழுதினால் அது ஒருவர் கையில் மட்டும் கிடக்கும், படம் எடுத்தும் அனுப்பாதே என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவின் குரல் கெட்டுவிட்டது. விடிய எழும்பினால் தொண்டை கட்டிப்போய்ச் சொல்லே வராது, பத்து மணிக்குப் பிறகுதான் கொஞ்சம் தெளியும். அதுவும் அம்மாவுக்கு வந்த வருத்தத்தால்தான் என்று டொக்டர் சொன்னார், என்ன நோயென்று பிறகு எழுதுகிறேன். உங்களோடு வேலை செய்கிற சிவதர்ஷன் அண்ணா லீவு முடிந்து புதன்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த வொயிஸில் அம்மா சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் அதை எழுதாமல் விடாதே, சொன்னவள் நான்தானே என்று அம்மா சொன்னார். "அவள் எனக்குச் சோத்துக்குள்ள மருந்து போட்டுட்டாள் மனே. உனக்கும் போட்டுத்தான் உன்ன அந்த வீட்டோட கட்டி வச்சிரிக்காள். உன்ட நெஞ்செரிவுக்கும் அதுதான் காரணம்." இதுதான் அது. இதைச் சொன்ன அன்று அப்பா பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன். உங்கள் மகள் மிதுராவின் முதலாவது பிறந்தநாளுக்கு நானும் அம்மாவும் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போனோம். மச்சாள் வீட்டில் இரண்டு நாள் நின்றோம். இறால் பொரியல், நண்டுக் கறி, புளியாணம், தேங்காய்ப்பாலில் இறக்கிய கணவாய், பிறகு கேக், அதற்கு மேல் பால் தேத்தண்ணீர். அம்மாவின் சோற்றுக் கோப்பையில் வெறும் இடம் தெரிய மச்சாள் விடவில்லை. சம்பந்தி வீட்டில் போதும் என்று கையை மடித்தால் குறை சொல்வார்கள் என்று அம்மாவும் எல்லாவற்றையும் சாப்பிட்டார், சாப்பிட்ட கையோடு பாயில் சரிந்தார். வீட்டில் நாங்கள் சாப்பிடுவது உங்களுக்குத் தெரியும், ஒரு மீன் ஆணமும் கீரையும். பின்னேரம் அம்மா எழும்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார், முகம் வெளிறிப்போய் வியர்த்தது. புளித்த தண்ணீர் வாய்வரை வந்து போவதாகச் சொன்னார். மச்சாள் பயந்துபோய் இஞ்சி இடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கிழமை அந்த எரிவு போகவில்லை. பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை மாமி வந்து பார்த்துவிட்டு, எங்க சாப்பிட்ட, என்ன சாப்பிட்ட என்று கேட்டார். கேட்டுவிட்டு, சம்பந்தி வீட்டுச் சாப்பாடெண்டால் யோசிக்கத்தான் வேணும் கா, உன்ட மகனுக்கும் கலியாணம் முடிச்ச புதிசில இப்படித்தானே எரிஞ்ச என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை அம்மா தானே கட்டினார். நீங்கள் மச்சாள் வீட்டுக்குக் குடிபோன முதல் மாதத்தில் அங்கே சாப்பிட்டால் நெஞ்சு எரிகிறது அம்மா என்று சொன்னது, அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவது குறைந்தது, வந்தாலும் வாவி இருட்டும் முன் போக வேண்டும் என்று நிற்பது, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. பொருந்தியதுதான் பிழையாகிவிட்டது.

அந்த வொயிஸ் போட்ட இரண்டாம் நாள் மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் போனோம். எந்த ஊர், என்ன பெயர் என்று எழுத வேண்டாமாம். அவர் அம்மாவை வெறுவயிற்றில் வரச் சொல்லியிருந்தார், அம்மா மறந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனார். கசப்பான ஏதோ ஒன்றைக் குடிக்கக் கொடுத்து ஒரு பேசினை முன்னால் வைத்தார். அம்மா சாப்பிட்டதெல்லாம் வாய்வழியே வரும்வரை சத்தி எடுத்தார். அவர் ஒரு ஈர்க்கினால் அதைக் கிளறிக் கறுப்பாக ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். இந்தா கிடக்கு, உள்ளுக்குப் போய் ஒட்டிப் பிடிச்சிட்டு, இன்னும் ரெண்டு தரம் எடுக்கணும் என்றார். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் சொன்னேன்தானே என்பது போல. அண்ணா, அது நான் சுட்ட கத்தரிக்காயின் தோல். அன்றைக்குக் கத்தரிக்காய் சுட்டுப் பால் விட்டுப் பிசைந்தவள் நான். தோலைச் சரியாக உரிக்கவில்லை, எருமை மாட்டுக்கா கறி வைக்கிற என்று சாப்பிடும்போதே அம்மா ஏசினார். பேசினைக் கழுவக் கொண்டுபோனவளும் நான்தான், கிட்ட வைத்துப் பார்த்தேன், அதில் கத்தரிக்காய் விதை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த மனிதரும் வேறு ஆட்களும் இருந்தார்கள், அவர்கள் முன்னால் வாயைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று வந்தேன். வந்தால் அம்மா ஆச்சிப்பிள்ளை மாமியிடம் அந்தத் துண்டை விரலால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் சொல்லவில்லை. நீங்கள் மச்சாளோடு பேசுவதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான், மருந்தைக் கண்ணால் கண்டோம் என்று அம்மா சொன்ன பிறகு.

அங்கே மச்சாளுக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் முழுதாக அறிய மாட்டீர்கள். உங்களிடம் சொல்லியிருந்தாலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். விடிய இடியப்பம் அவித்துக் கடைகளுக்கும் கந்தோருக்கும் கொடுத்தாரே, ஒரு மாதத்துக்குள் எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை, இப்ப கொஞ்ச நாளைக்கு விடு தங்கச்சி என்று மட்டும் சொன்னார்களாம். இடியப்ப உரலும் அவிக்கிற நீத்துப்பெட்டியும் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கின்றன. மச்சாளின் அப்பா கந்தப்போடி மாமாவைத் துறையில் வைத்து ஒருவர், போடியார், உங்கட வீட்டு இடியப்பம் திண்டால் மருமகன் கத்தாரில இருந்து நீந்தியே வருவாராமே என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மாமா அதற்குப் பிறகு அந்தத் துறைக்கு வருவதில்லை, எங்கள் பக்கத்தில் இருக்கிற தன் வயலுக்கு மட்டக்களப்புப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறார். அவர் அப்பாவிடம் ஆள் விட்டுச் சொல்லியிருப்பது இதுதான், உன் மகன் மார்கழியில் வரட்டும், வந்த கிழமையே கோட்டில் விவாகரத்தை எழுதி முடித்துக்கொள்வோம், பேரப்பிள்ளையை நான் வளர்ப்பேன்.

ஆவணியில் மூன்றாம் தரம் மருந்து எடுக்கப் போனபோது அம்மாவின் சத்தியில் நூல் நூலாக இரத்தம் வந்தது. அந்த மனிதரே பயந்துவிட்டார், உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆட்டோவைப் பிடித்துத் தந்தார். ஆறு நாள் வார்ட்டில் இருந்தோம். வாய்க்குள்ளால் குழாய் விட்டுக் கமராவால் பார்த்தார்கள். டொக்டர் ஒரு பெண், சின்ன வயது, படம் வரைந்து காட்டினார். இரைப்பைக்கு மேல் வாசலில் ஒரு இறுக்கம் இருக்க வேண்டுமாம், அம்மாவுக்கு அது தளர்ந்துபோய், வயிற்றுக்குள் இருக்க வேண்டிய புளிப்பு மேலே வந்து தொண்டைவரை சுட்டிருக்கிறது. நேற்று முந்தநாள் வந்ததில்லை, பல வருஷமாக இருந்த புண் என்றார். மிளகாயோடும் கொழுப்போடும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்ததில் கூடியிருக்கிறது, கட்டாயமாகச் சத்தி எடுத்ததில் கிழிந்திருக்கிறது. மருந்து என்று ஒன்றும் உள்ளே இல்லை. எவரும் போட்டதும் இல்லை. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பல வருஷமாக என்று டொக்டர் சொன்னது உண்மைதான் அண்ணா. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஒளித்துக் குடித்ததை அம்மா இப்போதுதான் சொல்கிறார், நீங்கள் பிறந்த காலத்திலிருந்தே குடித்தாராம்.

பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடியில் இருந்து வந்த றிஸானா என்று ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார், தாத்தா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கும் இதே வருத்தம். நல்ல மனிதர், கட்டிலில் இருந்தபடி வார்ட் முழுவதையும் சிரிக்க வைப்பார். டொக்டர் அவரிடம் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்டபோது, எங்கட வாப்பா காணி பூமி ஒண்டும் பிரிச்சித் தரல்ல டொக்டர், இத மட்டும் அஞ்சி பேருக்கும் சமனாப் பிரிச்சித் தந்திட்டு மவுத்தாகிட்டார் என்றார். டொக்டரும் சிரித்தார். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரக் கூடும், எல்லாருக்கும் வரும் என்றில்லை, வந்தால் நேரத்தோடு பார்க்க வேண்டும் என்று சொன்னார். பிறகு அம்மாவின் கட்டிலுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டார். அம்மா இல்லை என்றார். கேட்ட உடனேயே, யோசிக்காமல், ஒருத்தருக்கும் இல்லை என்றார். நான் கட்டிலின் காலடியில் நின்றேன்.

நாலாம் நாள் மச்சாள் வந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியாது, மிதுராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் பிளாஸ்க்கோடு வந்தார். பார்க்க வருகிற நேரம், எல்லாக் கட்டிலையும் சுற்றி ஆட்கள். அதில் எங்கள் பக்கத்து ஆட்களும் இரண்டு பேர் இருந்தார்கள். மச்சாள் யாரையும் பார்க்கவில்லை. கஞ்சியைக் கோப்பையில் ஊற்றினார், உப்பு மட்டும் போட்ட வெறும் கஞ்சி. அம்மா கையை நீட்டவில்லை. பயத்தில் இல்லை அண்ணா, வெட்கத்தில்தான், அம்மாவுக்கு அப்போது எல்லாம் தெரியும். ஆனால் மச்சாளுக்கு அது எப்படித் தெரியும். அவர் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு கரண்டியை எடுத்து முதல் கரண்டியைத் தானே குடித்தார். இரண்டாம் கரண்டியைப் பிள்ளைக்கு ஊட்டினார். கரண்டியைத் துடைத்துக் கோப்பைக்குள் வைத்துவிட்டு, "இப்ப குடிங்க மாமி, ஆறிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா குடித்தார், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார், குடிக்கக் குடிக்கக் கண்ணீர் வந்தது. மச்சாள் பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் எடுத்தால் அவர் போன் வேலை செய்வதில்லை. றிஸானா தாத்தா அம்மாவிடம், உங்கட மருமகளா, தங்கமான புள்ள என்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அம்மா எழுதச் சொன்னார். ஒன்றை மட்டும் எழுத வேண்டாம் என்றார். பேனையை என் கையில் தரும்போது, குடும்ப வருத்தம் எண்டு எழுதிப்போடாத, எனக்கு மட்டும் வந்ததெண்டு எழுது என்றார். ஏன் என்று கேட்டேன். உனக்கு நாளைக்குக் கலியாணம் பேசணும் புள்ள, வீடும் வளவும் உனக்குத்தான், ஆனால் வருத்தக்காரி எண்டு தெரிஞ்சா எவன் இந்த வாசலுக்கு வந்து குடியிரிப்பான் என்றார். அம்மா என்னை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அண்ணா, இதை அரைவாசி சொன்னால் மச்சாளுக்கும் அரைவாசிப் பழிதான் போகும். தாய்க்கு வந்தது வருத்தம் என்றால் மகனுக்கு எரிந்தது என்ன என்று அந்த ஊர் கேட்கும். நீங்களும் கேட்பீர்கள். அதனால் நான் எழுதுகிறேன், வாசித்துக் காட்டும்போது அம்மா வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன்.

மூத்தப்பாவுக்கு இருந்தது. அம்மாவின் அப்பா பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்ததை நான் கண்டதில்லை, நெல் மூட்டையில் சாய்ந்தபடிதான் நித்திரை. கள்ளனுக்குக் காவல் இருக்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கடைசி வருஷம் அவருக்குச் சோறு இறங்கவில்லை, தண்ணீரும் நின்று நின்றுதான் இறங்கியது, ஒருவரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. உங்களுக்கும் இருக்கிறது. சிவதர்ஷன் அண்ணா போன கிழமை வந்தபோது அப்பா சும்மா விசாரிப்பது போலக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு, ஜெயரூபன் கட்டிலில படுக்கிறல்ல மாமா, மூண்டு தலகணிய அடுக்கி வச்சிட்டுக் குந்தி இரிக்கிற, நுரைக்கிற உப்புத்தூள் பைக்கற் அவண்ட பொக்கற்றில எப்பவும் கிடக்கும் என்றார். கத்தாரில் உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவர் யாரோ ஒரு நேபாளத்துக்காரராம். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக மச்சாளின் கைச்சோறு ஒரு பிடி நீங்கள் சாப்பிடவில்லை, எரிவு மட்டும் உங்களோடு விமானம் ஏறி வந்திருக்கிறது. அதை நினைத்துப் பாருங்கள்.

எனக்கும் இருக்கிறது. ஒன்பதாம் ஆண்டில் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புளித்த ஏப்பம் வரும், அடக்கினால் நெஞ்சு வெடிப்பது போல இருக்கும், அடக்காவிட்டால் மணக்கும். வாங்கில் பக்கத்தில் இருந்தவள் ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு முன் வாங்குக்குப் போனாள். பத்தாம் ஆண்டில் விளையாட்டுப் போட்டிக்கு அணிவகுத்து நிற்கும்போது வெள்ளைச் சட்டையிலேயே சத்தி எடுத்தேன், அதற்கு அவர்கள் என்ன கதை கட்டினார்கள் என்பதை உங்களுக்கு எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னேன். நீங்கள் கூடப் போனில் ஏசினீர்கள், ஓ எல் ஆவது எடுக்கக் கூடாதா என்று. அம்மாவின் அப்பச்சோடாவில் இருந்து நானும் எடுத்துக் குடிப்பேன், டப்பா சீக்கிரம் குறைகிறது என்று இரண்டு பேரும் எலியைச் சந்தேகப்பட்டது போல இருந்துகொண்டோம். ஆகவே எனக்குத் தெரியும் அண்ணா. மச்சாள் வீட்டில் சாப்பிடுவதற்கு மூன்று வருஷம் முந்தியே எனக்கு அந்த எரிவு தெரியும். அம்மா நெஞ்சைப் பிடித்த அன்றே இது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கும் இப்படித்தான் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வொயிஸ் உங்களுக்கு வந்திருக்காது. மச்சாள் அந்த வார்ட்டில் அத்தனை பேர் பார்க்கக் கஞ்சியைக் குடித்துக் காட்டியிருக்க வேண்டியதில்லை. என் வெட்கத்தைக் காப்பாற்ற நான் அவருடைய பெயரைக் கொடுத்துவிட்டேன். அம்மா தெரியாமல் செய்தார், நான் தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன். எதற்கு மன்னிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். மார்கழியில் வந்து இறங்கினால் மண்டூருக்கு வர வேண்டாம், நேரே களுவாஞ்சிக்குடிக்குப் போங்கள். அதற்கு முதல் இன்றைக்கே மச்சாளுக்குப் பேசுங்கள். எடுக்க மாட்டார், எடுக்கும்வரை எடுங்கள். நீங்கள் அவரோடு நேரே ஒரு வார்த்தை பேசாமல் அந்த வொயிஸை அனுப்பி விளக்கம் கேட்டீர்கள், அதுவும் அவருக்கு வலித்திருக்கும், அதை நான் சொல்லக் கூடாது, ஆனாலும் எழுதிவிட்டேன். மிதுரா இப்போது நடக்கிறாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று வருகிற எல்லாரையும் பார்ப்பாள், உங்களைப் படத்தில் மட்டும்தான் தெரியும்.

அண்ணா, இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்பவும் எழுதுகிறேன். கஞ்சி குடித்த இடம்வரை அம்மா வாசல்படியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். மூத்தப்பாவின் இடம் வந்ததும் கீரையை விட்டுவிட்டார். என்னுடைய இடத்தை வாசிக்கும்போது இரண்டு தரம் நிறுத்தினேன், வாசி என்றார், வாசித்தேன். கத்தரிக்காய்க்கு ஏசவில்லை. பிறகு, "பள்ளிக்கூடம் விட்டது இதுக்காகவா புள்ள" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எழும்பி வந்து என் தலையில் கையை வைத்தார், அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அந்த வரிகளை வெட்டட்டா என்று கேட்டேன். வெட்டாதே என்றார். அப்போ என் கலியாணம் என்றேன், எனக்கே சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. வாறவன் தெரிஞ்சிட்டு வரட்டும் என்றார். பிறகு கொப்பியில் இன்னும் தாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இதை இன்னொரு தரம் அப்படியே எழுது, கந்தப்போடியர் கையில் கொடுக்க வேணும், அவர் விரும்பினால் துறையில் வைத்து எல்லாருக்கும் வாசிக்கட்டும் என்றார். ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்று காலையில் சொன்னவர்தான். நாளைக்கு முதல் பாதைப் படகில் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். அவர்கள் படலையைத் திறப்பார்களா என்று தெரியாது. திறக்காவிட்டால் வெளியில் நின்று கொடுத்துவிட்டு வருவோம். வெள்ளிக்கிழமை அம்மாவின் கிளினிக்குக்கு என்னையும் கூட்டிப்போவாராம், எனக்கும் ஒரு கிளினிக் கொப்பி போட்டுப் பார்க்க.

அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னவை. நுரைக்கிற தூளை விட்டுவிட்டு அங்கே ஒரு டொக்டரிடம் காட்டு, மூத்தப்பாவைப் பற்றியும் சொல்லு, வெட்கப்படாதே. இராச் சாப்பாட்டை வேளையோடு முடி, சாப்பிட்டால் மூன்று மணித்தியாலம் படுக்காதே. தலகணி அடுக்குவதில் பலன் இல்லையாம், கட்டிலின் தலைப்பக்கக் காலுக்குக் கீழே கல் வைக்க வேண்டுமாம், அப்பா இங்கே அம்மாவின் கட்டிலுக்கு வைத்துவிட்டார். வெறும் வயிற்றில் பிளேன்ரீ குடிக்காதே. இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டாதே. டொக்டர் குளிசை தந்தால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடு, எரிவு நின்றதும் நீயாக நிறுத்தாதே, அம்மா ஒரு கிழமை நிறுத்திப் பார்த்துப் பட்டுவிட்டார். பெருமாள் போல நெடுக வாழ வேண்டும், பிள்ளையைத் தோளில் தூக்க வேண்டும், நல்ல சொல் கேட்டு நல்ல சோறு சாப்பிட்டு இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசி சொல்கிறார்கள். நான் உங்களைக் கும்பிட்டுக் கேட்டதையும் மறக்க வேண்டாம். கடைசி வரிகளைத் தானே எழுதுவேன் என்று அம்மா பேனையை வாங்குகிறார்.

மகன், யது எழுதின எல்லாம் சரி. நான் கேட்டிட்டன். விதுர்ஷா எனக்கு ஒண்டும் செய்யல்ல. நான் சொன்ன பொய். நாளைக்கு அவள்ட வாசலில வச்சுச் சொல்லுவன் என்ட சத்தம் வந்தா. வராட்டி தங்கச்சி வாசிப்பாள். நீ அவள விட்டிராத.

உன் அம்மா
சிவபாக்கியம்